பேங்க் படுத்திருப்பது செல்லுக்கு எப்படித் தெரியும்?

நாகூரிலிருந்து வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற வண்டிகளில் பாதி பெட்ரோலுக்கு வருகின்றன. மீதி எதற்கு என்று ஊருக்கே தெரியும். புதுச்சேரி எல்லை எங்கள் கீழவாஞ்சூரில் தொடங்குகிறது. விலையும் இங்கேதான் இறங்குகிறது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் இந்தச் சாலையில் நின்றால் கடைக்குக் கடை ஸ்பீக்கர் பெட்டி கத்துவது காதைத் துளைக்கும். ஒன்று இருநூறு ரூபாய் பெறப்பட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது நானூறு என்று ஆரம்பித்திருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் பரோட்டாக் கடையில் ஒருவர் சாப்பிட்டுவிட்டு செல்லை நீட்டினார். ஸ்கேன் ஆனது. தொகை போட்டார். அதற்குள் திரையில் ஒரு மஞ்சள் பட்டை: உங்கள் வங்கியின் சர்வரில் இப்போது கோளாறு, பணம் போகாமல் இருக்கலாம். அவர் முனகிக்கொண்டே சட்டைப்பையில் நோட்டு தேடினார். கல்லாவில் இருந்த பாய் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலதானே பாக்குறே? அவரு இன்னும் காசே அனுப்பல, பின் நம்பர்கூடப் போடல. அதுக்குள்ள பேங்க் படுத்துருச்சுன்னு அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சம்பளம் வருவதே இந்தக் கேள்வியால்தான். பணப் பரிவர்த்தனை நடத்தும் ஒரு கம்பெனியின் சர்வர்கள் ஓடுகின்றனவா, படுத்துவிட்டனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சத்தம் கேட்கிற என் வீட்டு மாடி அறையிலிருந்துதான் பார்க்கிறேன். வாரம் விட்டு வாரம் ‘ஆன்-கால்’ என்று ஒரு முறை வரும். அந்த வாரம் செல் தலைமாட்டிலேயே கிடக்கும், எந்நேரமும் அலறலாம். பாயிடம் அன்று ரெண்டு வார்த்தையில் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

முதலில், ‘பேங்க் சர்வர்’ என்று ஒருமையில் சொல்கிறோமே, அப்படி ஒன்று கிடையாது. ஒரு யுபிஐ பரிவர்த்தனையில் காசு கொடுப்பவரின் வங்கி, வாங்குபவரின் வங்கி, செயலிக்குப் பின்னால் நிற்கிற வங்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் என்பிசிஐ எனப்படும் தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் என்று பல பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சின்னச் சின்ன புரோகிராம்கள் கூட்டமாக ஓடுகின்றன. யுபிஐ முகவரிக்கு எந்தக் கணக்கு என்று தேட ஒன்று. மோசடி வாடை அடிக்கிறதா என்று பார்க்க ஒன்று. வரவு செலவு எழுத ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று. இவற்றுக்கு எங்கள் பேச்சில் சர்வீஸ் என்று பெயர். ஒவ்வொரு சர்வீஸும் ஒன்றாக இருக்காது. பத்து, இருபது பிரதிகளாக வெவ்வேறு மெஷின்களில் ஓடும். சாயங்காலக் கூட்டத்துக்குப் பிரதிகள் கூடும், விடியற்காலை மூன்று மணிக்குக் குறையும். ஒரு மெஷின் செத்தால் அதிலிருந்தவை வேறு மெஷினில் மறுபடி பிறக்கும், புது முகவரியோடு. காலையில் இருந்த இடத்தில் மதியம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எஸ்எம்எஸ் அனுப்புகிற சர்வீஸ் எங்கே இருக்கிறது என்று மற்றவற்றுக்கு எப்படித் தெரியும்? ஒரு பதிவேடு வேண்டும். யார் யார், எந்த முகவரியில், இந்த நிமிடம் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்கிற பதிவேடு. நாங்கள் அதை ரெஜிஸ்ட்ரி என்போம்.

இணையம் குழந்தையாக இருந்தபோது இந்தப் பதிவேட்டை ஆட்கள்தான் எழுதினார்கள். அமெரிக்காவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் ஒரு தகவல் மையத்தை நடத்தினார். வலையில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர்களின் பெயரும் முகவரியும் அவர்களிடம் ஒரே கோப்பாக இருந்தது. புது மெஷின் வாங்கியவர் அவர்களிடம் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், மற்றவர்கள் அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வகுத்தார். நாம் இன்றைக்கும் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதுதான் முகவரி தேடித் தருகிறது.

ஆனால் பெயரும் முகவரியும் எழுதி வைத்தால் மட்டும் எங்கள் பிரச்சினை தீராது. பிறந்தவர் வந்து பதிந்துகொள்வார். செத்தவர் வந்து பெயரை அடித்துவிட்டுப் போக மாட்டார். கரண்ட் போன மெஷினுக்குப் பிரியாவிடை சொல்ல நேரம் ஏது? பதிவேட்டில் பேர் இருக்கும், ஆள் இருக்காது. அந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்புகிறவர் காத்திருந்தே ஓய்ந்துபோவார்.

இதற்கு எல்லோரும் கையாளும் வழி தவணைதான். பதிவு நிரந்தரம் இல்லை, இத்தனை நொடிக்கு மட்டும். அதற்குள் திரும்ப வந்து ‘இருக்கேன்’ என்று புதுப்பித்தால் பெயர் நிற்கும், வராவிட்டால் தானாக உதிர்ந்துவிடும். கோப்புகளின் பிரதிகளைப் பராமரிப்பது குறித்து 1989-இல் கேரி கிரே, டேவிட் செரிட்டன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த யோசனைக்கு ‘லீஸ்’ என்று பெயர் கொடுத்தது. குத்தகை என்று நாம் நிலத்துக்குச் சொல்வதுதான். நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட யூரேகா என்ற பதிவேட்டில், ஒவ்வொரு பிரதியும் 30 நொடிக்கு ஒருமுறை ‘இருக்கேன்’ சொல்ல வேண்டும். 90 நொடி மௌனமாக இருந்தால் பெயர் போய்விடும். இந்தச் செய்திக்கு எங்கள் வட்டாரத்தில் ஹார்ட்பீட், இதயத் துடிப்பு என்று பெயர். யுபிஐயின் தொழில்நுட்ப வரையறையிலேயே ஹார்ட்பீட் என்று ஒரு செய்தி இருக்கிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும், காசு எதையும் நகர்த்தாமல், வங்கிகளுக்கும் என்பிசிஐக்கும் இடையே அது ஓடுகிறது. எந்தெந்த வங்கிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்கவும் தனியாக ஒரு செய்தி உண்டு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மௌனமாக இருப்பவர் செத்தவர் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஐஎஸ் என்ற கருவி அவற்றின் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஓடும்போது சில நொடிக்கு ஒருமுறை, நங்கூரத்தில் நிற்கும்போது 3 நிமிடத்துக்கு ஒருமுறை. செல்லில் கப்பல் பார்க்கும் செயலியைத் திறந்தால் ‘கடைசியாகக் கேட்டது இத்தனை நிமிடத்துக்கு முன்’ என்று இருக்கும். அரை மணி நேரம் கேட்கவில்லை என்றால் கப்பல் மூழ்கிவிட்டதா? கரையில் கேட்கிற ஆன்டெனா பழுதாக இருக்கலாம், கப்பல் அலையெல்லைக்கு அப்பால் போயிருக்கலாம். இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற வழி கெட்டாலும் மௌனம்தான், ஆள் செத்தாலும் மௌனம்தான், ஆள் மெதுவாக இருந்தாலும் மௌனம்தான். கேட்கிறவனுக்கு மூன்றும் ஒன்று போலவே இருக்கும்.

செய்தி எப்போது வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லாத வலையில், ஒரே ஒருவர் செத்துப்போகக்கூடும் என்றாலும் மற்றவர்கள் கட்டாயம் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று எந்த முறையாலும் உறுதி சொல்ல முடியாது என 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் கணித முறையில் நிரூபித்தார்கள். செத்தவரையும் மெதுவானவரையும் பிரித்தறிய முடியாதது அதன் அடியில் இருக்கிற காரணம். பிறகு 1996-இல் துஷார் தீபக் சந்திரா, சாம் டூயெக் இருவரும், தப்புச் செய்கிற கண்காணிப்பாளரை வைத்துக்கொண்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டினார்கள். ஆக, என் வேலையில் ‘படுத்துவிட்டது’ என்று யார் சொன்னாலும் அது ஒரு சந்தேகம்தான். அனுபவப்பட்டவர்களின் சந்தேகம், அவ்வளவே. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால், கொஞ்சம் திணறியவரையெல்லாம் செத்தவர் கணக்கில் எழுதிவிடுவோம். கூட்டினால் செத்தவரிடம் கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருப்போம். 90 நொடியா, 40 நொடியா என்பதற்குச் சூத்திரம் கிடையாது. பார்த்துப் பார்த்துத் திருகுவதுதான்.

இன்னொரு விதமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மோசம். ஒரு நாள் பின்னிரவில் செல் அலறியது. மாடி அறைக்கு ஓடித் திரையைத் திறந்தால் எல்லா வரியும் பச்சை. ஒவ்வொரு பிரதியும் சொன்ன நேரத்துக்கு ‘இருக்கேன்’ சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் புகார் வரிசை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, ஒரு பரிவர்த்தனையும் முடியவில்லை. கடைசியில் கிடைத்தது இதுதான்: ‘நலமா?’ என்று கேட்டால் ‘நலம்’ என்று பதில் சொல்வதற்கென்று அந்த சர்வீஸில் ஒரு மூலை இருந்தது. அந்த மூலைக்கு வேறு எதைப் பற்றியும் தெரியாது. உள்ளே டேட்டாபேஸுக்குப் போகிற இணைப்பு அத்தனையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. மூலையில் இருந்தவர் மட்டும் நலம், நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூகுள் 2014-இல் வெளியிட்ட, இன்று பாதி உலகம் பயன்படுத்தும், பிரதிகளை ஓட்டிப் பராமரிக்கிற குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளில் இதனால்தான் இரண்டு தனிக் கேள்விகள் வைத்திருக்கிறார்கள். ‘உயிர் இருக்கிறதா’ என்பது ஒன்று. இல்லையென்றால் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பும். ‘வேலைக்குத் தயாரா’ என்பது இன்னொன்று. இல்லையென்றால் கொல்லாது, தயாராகும்வரை கோரிக்கை அனுப்பாது. இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதி வைக்கிற கம்பெனிகள் நிறைய.

பாய் கேட்டதற்குப் பதில் இப்போது சொல்லலாம். செல்லுக்கு அந்த வங்கியைப் பற்றி நேரடியாக ஒன்றும் தெரியாது. உங்களுக்கு முன்னால், கடந்த சில நிமிடங்களில், நாட்டில் வேறெங்கோ அதே வங்கியிலிருந்து அனுப்பிப் பார்த்தவர்கள் பட்ட பாடுதான் அந்த மஞ்சள் பட்டை. நூறு பேரில் இத்தனை பேருக்குத் தோற்றது என்று செயலியின் சர்வர் எண்ணிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் எச்சரிக்கும். ‘நலமா’ என்று கேட்டு வாங்குகிற பதிலைவிட உண்மையான வேலையின் விளைவை எண்ணுவது நம்பகமானது. ஆனால் அதற்கு முதலில் சிலர் தோற்றாக வேண்டும். யாரோ ஒருவருடைய பரோட்டா ஆறிப்போனதில்தான் உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது.

பதிவேடு வைத்திருப்பவருக்கே கண் மங்கினால்? யூரேகாவில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. வர வேண்டிய துடிப்புகளில் 85 சதவீதத்துக்கும் கீழே வந்தால், அது யார் பெயரையும் அடிப்பதை நிறுத்திவிடும். இத்தனை பேர் ஒரே நேரத்தில் செத்திருக்க மாட்டார்கள், என் காதில்தான் கோளாறு என்று தன்னைச் சந்தேகப்படும். மனிதர்களிடமே அரிதான புத்தி.

ஃபேஸ்புக்கில் 2021 அக்டோபர் 4 அன்று நடந்தது வேறு மாதிரி. நம் ஊரில் அப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் ஒரே அடியாக நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்பை அறுத்துவிட்டது. முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரோடு பேச முடியவில்லையே, நமக்குத்தான் உடம்பு சரியில்லை போல என்று நினைத்து, எழுதி வைத்திருந்த விதிப்படி ஒவ்வொன்றும் தன் வழித்தடத்தை இணைய வரைபடத்திலிருந்து தானே எடுத்துக்கொண்டது. தனியாக ஒன்று ஒதுங்குவது நல்ல பழக்கம். எல்லாம் சேர்ந்து ஒதுங்கினால் கம்பெனியே காணாமல் போகும். திரும்பி வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

அதே மாதம் 28-ஆம் தேதி, பிள்ளைகள் விளையாடும் ரோப்லாக்ஸ் விழுந்தது. 73 மணி நேரம். 18,000-க்கு மேற்பட்ட சர்வர்கள், அவற்றில் 1,70,000 கன்டெய்னர்கள், அதாவது நான் சொன்ன பிரதிகள். யார் எங்கே என்பதைக் கன்சல் என்ற பதிவேடு கவனித்து வந்தது. சுமையைக் குறைக்கும் என்று நம்பி அதில் ஒரு புது வசதியைத் திறந்திருந்தார்கள். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனபோது அந்த வசதியே கழுத்தை நெரித்தது. பதிவேடு திணறியதும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க வழியில்லை. கொடுமை என்னவென்றால், என்ன கோளாறு என்று காட்ட வேண்டிய கண்காணிப்புத் திரைகளும் அதே பதிவேட்டை நம்பித்தான் இருந்தன. விளக்குப் போட வேண்டியவரே இருட்டில் நின்றார்.

அமேசானின் கிளவுட் 2025 தீபாவளியன்று மதியம் விழுந்ததும் இந்த வகைதான். அவர்களுடைய டேட்டாபேஸ் சர்வீஸ் ஒன்றின் முகவரியை எழுதுகிற தானியங்கி புரோகிராம்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. மெதுவாக ஓடிய ஒன்று பழைய பட்டியலைப் புதியதன் மேல் எழுதியது. வேகமாக ஓடிய இன்னொன்று, இது பழசாயிற்றே என்று அதைத் துடைத்தது. மிச்சம் இருந்தது காலி முகவரி. டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருந்தது, அதன் கதவு எண்தான் யாருக்கும் தெரியவில்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. அந்த வசந்தத்தில் அது முதல் தடவையும் இல்லை. பின்னர் வெளிவந்த காரணம் எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது. பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று விசாரிப்பதற்கென்று யுபிஐயில் ஒரு செய்தி உண்டு. சில வங்கிகளின் சர்வர்கள், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, அந்தக் கேள்வியை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டே ஆளைச் சாய்த்துவிட்டார்கள். காசு அனுப்பிய கூட்டத்தை அது தாங்கியது, விசாரிக்க வந்த கூட்டத்தைத் தாங்கவில்லை.

கண்காணிப்பு இலவசம் என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய மயக்கம். ஒவ்வொரு ‘இருக்கியா’வும் ஒரு வேலை. அதற்குப் பதில் சொல்ல ஒரு மெஷின் வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். ஒரு சர்வர் திணறும்போது கேட்கிறவர்கள் பதில் வரவில்லையே என்று இன்னும் அடிக்கடி கேட்பார்கள், அதனால் இன்னும் திணறும். என்பிசிஐ அதன்பின் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை முதலில் விசாரிக்க 90 நொடியாவது பொறுக்க வேண்டும், மொத்தம் மூன்று தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்றது. நமக்கும் ஒரு கட்டு விழுந்தது: 2025 ஆகஸ்டிலிருந்து ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம். யார் ஐம்பது தடவை பார்க்கப் போகிறார்கள் என்று அப்போது பலர் சிரித்தார்கள். மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கிறவர் சிரிக்க மாட்டார். அதே ஆகஸ்டில்தான் யுபிஐ பரிவர்த்தனைகள் முதல்முறையாக ஒரு மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின.

கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. இத்தகைய சின்னக் கருவிகள் பெரும்பாலும் எம்க்யூடிடி என்ற முறையில் பேசும். 1999-இல் ஐபிஎம்மின் ஆன்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க எழுதியது அது. எண்ணெய்க் கிணறுகள் உள்ள நரிமணத்துப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு எண்ணெய்க் குழாயிலிருந்து பரோட்டாக் கடைக்கு வந்த அந்தப் பயணம் பிடிக்கும். அதில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. கருவி இணையும்போதே ஓர் உயில் எழுதிக் கொடுத்துவிடலாம்: நான் சொல்லாமல் போய்விட்டால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்ட இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் மௌனமாக இருந்தால் நடுவில் இருக்கும் சர்வர் இணைப்பை வெட்டிவிட்டு உயிலைப் படித்துவிடும். சாவைச் சொல்ல ஆள் இல்லை என்ற பிரச்சினையை, பிறக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வதன் மூலம் தீர்த்திருக்கிறார்கள்.

ஆனால் கடைக்காரருக்கு இந்தப் பெட்டியால் வருகிற தலைவலி வேறு. சிக்னல் விட்டுவிட்டு வருகிற நேரத்தில் காசு வந்து சேர்ந்திருக்கும், பெட்டி வாய் திறக்காது. “சத்தம் வரலையே சார்” என்று வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பார்கள். அவரோ கணக்கில் பணம் போய்விட்டது என்று எஸ்எம்எஸ்ஸைக் காட்டுவார். பெட்டியின் மௌனத்தை நம்புவதா, எஸ்எம்எஸ்ஸை நம்புவதா? வெளியூர் ஆளானால் குரல் உயரும். கடைக்காரர் தன் செல்லில் செயலியைத் திறந்து வரவுப் பட்டியலைப் பார்ப்பதுதான் சரி. பெட்டி கூவுவதற்கு மட்டும், கணக்குச் சொல்வதற்கு இல்லை.

போனதென்றும் இல்லாமல், தோற்றதென்றும் இல்லாமல் ‘பெண்டிங்’ என்று தொங்கி நிற்கிறபோது மறுபடி அனுப்பாதீர்கள். காசு கணக்கை விட்டுப் போய், கடைக்கு வந்து சேர்ந்ததா என்று எந்த சர்வருக்கும் உறுதியாகத் தெரியாத நிலை அது. அதற்கும் ஒரு தவணை உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் போட்ட உத்தரவுப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்கு அனுப்பி உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாளுக்குள். அதையும் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, கேட்காமலே கணக்கில் வர வேண்டும். வராவிட்டால் வங்கியில் எழுதிக் கேளுங்கள். பரிவர்த்தனை எண்ணைப் படம் எடுத்து வைத்திருங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.